ஏபிஎஸ் நோயாளிகளுக்கு மூலமும் ஆசனவாய்ச் சிக்கல்களும் வந்தால்: முழுமையான வழிகாட்டி

என் தங்கையின் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை நான் அடிக்கடி புரட்டிப் பார்ப்பதுண்டு. தேதி, அளவு, மாத்திரை என்று மூன்று பத்தியாகக் கோடு போட்ட சாதாரண நோட்டுதான் அது. 2.4, 2.6, 2.3, 2.5 என்று மாதக்கணக்கில் சீராக வரும் எண்களுக்குக் கீழே, திடீரென்று ஒரு வரியில் 6.1 என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அவளே பென்சிலால் ‘மூலத்துக்கு மாத்திரை, 5 நாள்’ என்று எழுதி வைத்திருக்கிறாள். மலத்தோடு இரத்தம் வருகிறது என்று போனவளுக்குக் கொடுத்த மாத்திரையே இரத்தப்போக்கைப் பெருக்கும் நிலைக்கு அவளைக் கொண்டுபோயிற்று. கொடுத்தவர் அக்கறையில்லாமல் கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதை அவரும் கேட்கவில்லை, கூச்சத்தில் சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றிருந்த இவளும் சொல்லவில்லை.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; பதினோரு ஆண்டுகளாக ஏபிஎஸ் என்ற இரத்த உறைவு நோய் உள்ள ஒருவருடன் மருத்துவமனைகளுக்குப் போய்வரும் அண்ணன். மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் மருத்துவரின் பொறுப்பு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்லாமல் விடக்கூடாது, வீட்டில் எதைச் செய்யலாம், எதை ஒருபோதும் செய்யக்கூடாது என்பவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நோயை முதலில் புரிந்துகொள்வோம்

ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி, சுருக்கமாக ஏபிஎஸ், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் நோய்களில் ஒன்று. 1983இல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை விவரித்ததால், ஹியூஸ் நோய்க்குறி என்றும் இதைச் சொல்வார்கள். லூபஸ் என்ற, இதே வகையைச் சேர்ந்த இன்னொரு நோய் உள்ள சிலருக்கு அதனோடு சேர்ந்து வரும்; லூபஸ் இல்லாமல் தனித்தும் வரும். காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதும், கர்ப்பம் திரும்பத் திரும்பக் கலைவதும் இதன் முக்கிய வெளிப்பாடுகள். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1 எதிர்ப்பொருள் ஆகிய மூன்றையும் பரிசோதித்து, குறைந்தது 12 வாரம் இடைவெளி விட்டு மீண்டும் பரிசோதித்த பிறகே நோயை உறுதி செய்வார்கள்.

ஒருமுறை இரத்தம் உறைந்த ஏபிஎஸ் நோயாளிக்குப் பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரையை நீண்ட காலத்துக்குக் கொடுப்பார்கள். ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. தமனியில் அடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர் வேறு இலக்கு வைக்கலாம், அல்லது ஆஸ்பிரினையும் சேர்க்கலாம். அடிக்கடி பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் இருக்கும்போது பழையதை ஏன் தருகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். மூன்று எதிர்ப்பொருள்களும் இருந்தவர்களுக்கு ரிவராக்சபான் என்ற புதிய மாத்திரையைக் கொடுத்து வார்ஃபரினுடன் ஒப்பிட்ட இத்தாலிய ஆய்வை, ரிவராக்சபான் பிரிவில் பக்கவாதம் போன்ற அடைப்புகள் கூடுதலாக வந்ததால் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் முடிவு 2018இல் வெளியானது. ஆகவே ஏபிஎஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் இன்னும் பழைய மாத்திரையில்தான் இருக்கிறார்கள். அந்தப் பழைய மாத்திரையோ நாம் உண்ணும் கீரையோடும், மருந்துக்கடையில் வாங்கும் பல மாத்திரைகளோடும் மோதக்கூடியது.

இனி மூலம். ஆசனவாயின் உட்புறத்தில் இரத்த நாளங்கள் நிறைந்த மெத்தை போன்ற திசுக்கள் மூன்று இடங்களில் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. முக்கி முக்கி மலம் கழிப்பதாலும், கர்ப்பத்தாலும், நெடுநேரம் கழிப்பறையில் உட்கார்ந்திருப்பதாலும் அவை வீங்கிக் கீழிறங்கும்போதுதான் மூலம் என்கிறோம். ஏபிஎஸ் நேரடியாக மூலத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் கீரையை விலக்கச் சொல்லும் அறிவுரை, இரும்புச்சத்து மாத்திரை தரும் மலச்சிக்கல், கால் வீக்கத்தால் நடமாட்டம் குறைவது, அடுத்தடுத்த கர்ப்பங்கள் என்று ஏபிஎஸ் நோயாளியின் வாழ்க்கையே மூலத்துக்கு வழி திறந்துவிடுகிறது.

படி 1: இரத்தத்தைப் பார்த்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

கழிப்பறையில் சிவப்பைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் முதலில் வரும் எண்ணம், ‘இன்றைக்கு அந்த மாத்திரையைப் போட வேண்டாம்’ என்பதுதான். வீட்டில் பெரியவர்களும் அதையே சொல்வார்கள். மூலத்திலிருந்து வரும் இரத்தம் பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் அளவில் சிறியது, ஆசனவாயில் நின்றுவிடுவது. மாத்திரையை நிறுத்துவதால் வரக்கூடிய உறைவோ நுரையீரலிலும் மூளையிலும் போய் நிற்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும், உடலில் தொற்று இருப்பதும், அறுவை சிகிச்சையும் சேர்ந்து சிலருக்குப் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் சிறு நாளங்கள் அடைபடும் மிகக் கொடிய வகை ஏபிஎஸைத் தூண்டிவிடுவதும் உண்டு. அது அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அன்றோ மறுநாளோ ஐஎன்ஆர் பார்ப்பதும், கூடவே ஹீமோகுளோபினையும் இரத்தத் தட்டணுக்களையும் பார்ப்பதும்தான். ஏபிஎஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்குத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் என்பதால் அந்தப் பரிசோதனையை விட்டுவிடக்கூடாது. ஐஎன்ஆரை இரத்தக்குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தைக் கொண்டு ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் உள்ள சிலருக்கு விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டிவிடும். எண் வந்ததும் மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, ஒரு வேளை தள்ளிப்போடுவதா, அப்படியே தொடர்வதா என்பதை அவர் சொல்லட்டும்.

படி 2: என்ன வந்திருக்கிறது என்று அடையாளம் காணுங்கள்

வலியே இல்லாமல், மலம் கழித்து முடித்தபின் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டுவதும் பீங்கானில் தெறிப்பதும் உள்மூலத்தின் வழக்கமான அடையாளம். உள்மூலம் இருக்கும் பகுதியில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால்தான் அது வலிப்பதில்லை. மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டால் கீறியது போன்ற வலியும், அதன் பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் நீடிக்கும் எரிச்சலும், மலத்தின் மேல் கோடு போட்டது போன்ற சிறிது இரத்தமும் ஆசனவாய் வெடிப்பைக் காட்டுகின்றன. இந்த இரண்டையும் ‘மூலம்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். மருத்துவம் இரண்டுக்கும் வேறு வேறு.

மூன்றாவது, ஒரே இரவில் ஆசனவாயின் வெளி ஓரத்தில் நீலமாக, திராட்சை போல, தொட முடியாத வலியுடன் எழும் கட்டி. வெளிமூலத்தின் நாளத்துக்குள் இரத்தம் உறைந்து நிற்பதே இது. ‘இரத்தம் உறைந்திருக்கிறது’ என்று மருத்துவர் சொன்ன அந்தக் கணத்தில் ஏபிஎஸ் நோயாளியின் மனம் எங்கே போகும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ‘அப்போ மாத்திரை வேலை செய்யவில்லையா, இது நெஞ்சுக்குப் போய்விடுமா அண்ணா?’ என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஏபிஎஸ் இல்லாத இலட்சக்கணக்கானவர்களுக்கும் இந்தக் கட்டி வருகிறது. காலின் ஆழ்நாளத்தில் வரும் உறைவைப் போல இது பெயர்ந்து நுரையீரலுக்குப் போவதாகக் கருதுவதில்லை. உங்கள் சிகிச்சை தோற்றுவிட்டது என்பதற்கும் இது சான்று அல்ல. ஆனாலும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஐஎன்ஆர் தாழ்ந்திருந்தால் மற்ற இடங்களில் ஆபத்து இருக்கிறது என்று தெரியவரும். மிக உயர்ந்திருந்தால் அந்தக் கட்டி உறைவால் வந்ததா, தோலுக்கடியில் இரத்தம் கசிந்து தேங்கியதால் வந்ததா என்ற கேள்வி எழும்.

ஆசனவாயின் பக்கத்தில் துடிக்கும் வலியும் சூடும் காய்ச்சலும் சேர்ந்தால் அது சீழ்க்கட்டி. அது உடைந்து ஆறாமல் புரையோடி, சிறு துளை வழியாகச் சீழ் கசிந்துகொண்டே இருந்தால் பவுத்திரம். லூபஸுக்காக ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சலும் சிவப்பும் வெளியே தெரியாமல் உள்ளே சீழ் கோத்துக்கொள்ளலாம். ஆகவே இவர்கள் வலியை மட்டுமே நம்பி அன்றே காட்டிவிட வேண்டும். சீழை வெளியேற்றாமல் மாத்திரையால் மட்டும் கரைக்க முடியாது. தொற்று ஏபிஎஸைக் கிளறிவிடும் என்பதால், இந்தப் பட்டியலில் அவசரப்பட வேண்டிய ஒன்று இதுதான்.

கடைசியாக, பார்ப்பதற்கு மூலம் போலவே இருந்து மூலமாக இல்லாத ஒன்று. ஏபிஎஸ் கல்லீரலின் நாளங்களையும் அடைக்கும். கல்லீரலிலிருந்து வெளியேறும் நாளங்கள் அடைபடுவதைப் பட்-கியாரி நோய்க்குறி என்பார்கள், உள்ளே செல்லும் போர்ட்டல் நாளமும் அடைபடலாம். வழியடைத்த இரத்தம் வேறு பாதை தேடும்போது மலக்குடலின் நாளங்கள் புடைத்துவிடும். இவற்றை மூலம் என்று நினைத்து ரப்பர் வளையம் போட்டு இறுக்கினாலோ வெட்டினாலோ நிறுத்த முடியாத இரத்தப்போக்கு ஏற்படும். முன்பு வயிற்று நாளங்களில் அடைப்பு வந்திருந்தாலோ, வயிறு நீர்கோத்து உப்பியிருந்தாலோ, மண்ணீரல் பெரிதாக இருக்கிறது என்று ஸ்கேனில் எழுதியிருந்தாலோ, ஆசனவாயில் யாரும் கை வைப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

படி 3: எப்போது உடனே ஓட வேண்டும்

சுத்தமான துணியை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால், கட்டி கட்டியாக இரத்தம் வந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி வியர்த்தால், மலம் தார் போலக் கறுத்து நாறினால், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108ஐ அழைக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்றாலும், வார்ஃபரினில் இருப்பவர் அதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளக்கூடாது. வயிறு தொட்டால் மென்மையாக இருக்க, வலி மட்டும் தாங்க முடியாததாக இருந்து, பிறகு இரத்தமாகப் போனால் அது மூலமே அல்ல. குடலுக்குச் செல்லும் நாளம் அடைபட்டிருக்கலாம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அவசரப் பிரிவில் ஒன்றைக் கவனியுங்கள். வலியில் துடிப்பவருக்கு அங்கே வழக்கமாக இடுப்பில் டைக்ளோஃபினாக் ஊசி போடுவார்கள். ஐஎன்ஆர் உயர்ந்திருக்கும்போது தசையில் போடும் ஊசி தசைக்குள்ளேயே இரத்தக்கட்டை உண்டாக்கும். டைக்ளோஃபினாக்கும் தன் பங்குக்கு இரத்தக்கசிவைக் கூட்டும். ‘தசையில் ஊசி வேண்டாம், வார்ஃபரினில் இருக்கிறேன்’ என்று சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

படி 4: மலத்தை இளக்குங்கள், கீரைக்குப் பயப்படாதீர்கள்

மூலத்துக்கும் வெடிப்புக்கும் செய்யும் எல்லா மருத்துவத்துக்கும் அடிப்படை, முக்காமல் மலம் போவதுதான். நம் வீடுகளில் இது இடறுவதும் ஏபிஎஸ் நோயாளிகளிடம்தான். ‘கீரையே தொடாதீர்கள்’ என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார், நோயாளியும் முருங்கைக்கீரை, அரைக்கீரை, முட்டைக்கோசு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெறும் சோறும் குழம்பும் இட்லியுமாகச் சாப்பிட்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை கல் போன்ற மலத்தோடு போராடுவார். கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் தேவைப்படுவது விலக்குவதன்று, ஒரே அளவில் வைத்திருப்பது. வாரத்துக்கு மூன்று நாள் ஒரு கரண்டி கீரை என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும். அந்த அளவுக்கேற்ப மருத்துவர் மாத்திரையைச் சரிசெய்துகொள்வார். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, மூலத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் துத்திக்கீரையைத் தினமும் வதக்கிச் சாப்பிட்டால் ஐஎன்ஆர் சரிந்துவிடக்கூடும்.

வைட்டமின் கே குறைவாகவும் நார்ச்சத்து நிறைவாகவும் உள்ளவை நம்மிடம் ஏராளம். கேழ்வரகு, கம்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், கொய்யா, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பூசணி ஆகியவற்றை அன்றாடம் சுழற்சியில் சேர்த்தாலே நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்தை எட்டிவிடலாம். கருணைக்கிழங்கை மூலத்துக்கு உகந்ததாக நம் மரபு சொல்கிறது. உணவாக, நன்றாக வேகவைத்து, புளி சேர்த்துச் சாப்பிடுவதில் தடையில்லை. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும் என்பதால், ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். கூடவே தண்ணீரையும் கூட்டுங்கள். லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் எவ்வளவு தண்ணீர், எந்தப் பழம் என்பதைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

உணவு போதாதபோது இசப்கோல் நல்லது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். லாக்டுலோஸும் மேக்ரோகாலும் நீண்ட நாள் எடுக்கத் தக்க மலமிளக்கிகள். திரவ பாரஃபின் கலந்த வெள்ளை நிற மலமிளக்கிகளை மாதக்கணக்கில் குடிப்பது கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் சேர்வதைக் குறைக்கும். வைட்டமின் கேயும் அவற்றில் ஒன்று என்பதால் ஐஎன்ஆர் மெல்ல ஏறலாம். விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவுவதும் நல்லதன்று. பேதி எந்தக் காரணத்தால் வந்தாலும், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் ஐஎன்ஆர் பாருங்கள்.

கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். கைபேசி வெளியே இருக்கட்டும். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள். வலிக்கு, அகன்ற பாத்திரத்தில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவது நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யத் தக்கது. உப்போ டெட்டாலோ அதில் வேண்டாம்.

படி 5: மருந்துச்சீட்டை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்

தங்கையின் நோட்டில் அந்த 6.1ஐ எழுத வைத்தது மெட்ரோனிடசோல். ஆசனவாயில் எந்தத் தொந்தரவு என்றாலும் நம் ஊரில் எளிதாக எழுதப்படும் கிருமிக்கொல்லி மாத்திரை அது. வார்ஃபரினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அது தடுப்பதால், சில நாட்களிலேயே வார்ஃபரின் உடலில் தேங்கி ஐஎன்ஆர் எகிறிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினும் ஐஎன்ஆரை ஏற்றும். சீழ்க்கட்டி போன்ற நிலையில் இந்த மருந்துகள் உண்மையிலேயே தேவைப்படலாம். அப்போது வேண்டாம் என்று மறுக்கக் கூடாது, மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் ஐஎன்ஆர் பார்ப்பதற்கும் அளவைக் குறைப்பதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மருந்து முடிந்தபின் ஐஎன்ஆர் மறுபடி இறங்கும் என்பதால், அடுத்த வாரமும் ஒரு பரிசோதனை தேவை.

இதற்கு நேர்மாறான ஆபத்து டிரானெக்சாமிக் அமிலம். மலத்தில் இரத்தம் என்று மருந்துக்கடையில் சொன்னாலே எடுத்துக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் இதுவும் ஒன்று. எத்தம்சிலேட்டோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. இது, உடல் தானாகவே இரத்தக்கட்டுகளைக் கரைத்துக்கொள்ளும் செயலைத் தடுக்கிறது. ஏற்கெனவே இரத்தம் உறைந்த வரலாறு உள்ள ஒருவர், ஆசனவாயில் சொட்டும் சில துளிகளுக்காக இதைத் தன்னிச்சையாக விழுங்குவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று. உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கில் மருத்துவமனையில் நன்மை தீமைகளை எடை போட்டுப் பார்த்து அவர்கள் கொடுப்பது வேறு விஷயம்.

வலிக்கு இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் ஆகியவை வேண்டாம். பாராசிட்டமால் எடுக்கலாம், ஆனால் நாளைக்கு 2 கிராம் அல்லது அதற்கு மேல் பல நாட்கள் தொடர்ந்தால் அதுவும் ஐஎன்ஆரை ஏற்றும். டிராமடால் மலச்சிக்கலையும் தரும், சிலருக்கு ஐஎன்ஆரையும் ஏற்றும். வெடிப்புக்குத் தரும் 2 விழுக்காடு டில்டியசெம் களிம்பும், நைட்ரோகிளிசரின் களிம்பும் நல்ல பலன் தருபவை; இரண்டாவது தலைவலி கொடுக்கும், சில்டெனாஃபில் எடுப்பவர்கள் அதைத் தொடக்கூடாது. மரத்துப்போகச் செய்யும் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும்; ஒரு வாரத்துக்கு மேல் தடவினால் தோல் மெலிந்துவிடும். அரிப்புக்குப் பூஞ்சைக் களிம்பு தேவைப்பட்டால் மைகோனசோல் வேண்டாம், வேறு கொடுங்கள் என்று கேளுங்கள். அது வார்ஃபரினோடு மோதக்கூடியது.

டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் கலந்த மாத்திரைகளை மூல இரத்தத்துக்கு அதிகம் தருகிறார்கள். பலருக்கு இரத்தம் குறைகிறது. தொடங்கும்போது ஒருமுறை ஐஎன்ஆர் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. சித்த, ஆயுர்வேத மருந்துகளை நான் இகழ மாட்டேன், என் அப்பா அவற்றால் குணமடைந்தவர். ஆனால் பல மூலிகைகள் சேர்ந்த லேகியம் வார்ஃபரினோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. இரண்டு மருத்துவர்களுக்கும் தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள்.

படி 6: அறுவை மருத்துவரிடம் போகும்போது

வார்ஃபரினில் இருப்பவருக்கு இரத்தம் வந்தால், ‘மாத்திரையால்தான்’ என்று கடந்துபோவது ஒரு பெரிய பிழை. குடலில் மறைந்திருக்கும் புற்றுநோயும் சதை வளர்ச்சியும் வேறெந்த அறிகுறியும் காட்டுவதற்கு முன்பே, இந்த மாத்திரையின் காரணமாக இரத்தம் கசிந்து தம்மைக் காட்டிக்கொடுப்பதுண்டு. 45 வயதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உள்ளவர்கள், எடை குறைந்தவர்கள், மலம் போகும் பழக்கம் மாறியவர்கள் பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் கொலனோஸ்கோப்பி பற்றிக் கேட்க வேண்டும். பார்ப்பதற்கு மட்டுமான கொலனோஸ்கோப்பியைப் பெரும்பாலும் வார்ஃபரினை நிறுத்தாமலே செய்யலாம்.

மூலத்துக்கு வளையம் போடுவது வெளிநோயாளர் பிரிவிலேயே முடிந்துவிடும் எளிய முறை என்றாலும், ஏபிஎஸ் நோயாளிக்கு எளியது அன்று. வளையத்துக்குள் சிக்கிய திசு அழுகி விழுவது சுமார் 5ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள். அப்போதுதான் தாமதமான இரத்தப்போக்கு வரும். வளையம் போடும் அன்று மட்டும் மாத்திரையை நிறுத்தி மறுநாள் தொடங்கினால், திசு விழும் நாளில் ஐஎன்ஆர் முழு அளவில் இருக்கும். இரண்டு வாரம் நிறுத்தி வைப்பதோ, உறைவை அழைப்பது. எனவே மருந்து செலுத்திச் சுருக்கும் ஊசி முறை போன்ற மாற்றுகளைப் பற்றி அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். வார்ஃபரினில் இருப்பவர்களுக்கு அது வளையத்தைவிடப் பாதுகாப்பானதாகப் பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். உறைந்த வெளிமூலத்தைக் கீறி எடுப்பது பொதுவாக முதல் 72 மணி நேரத்துக்குள் பயன் தரும். வார்ஃபரினில் இருப்பவருக்கு அந்தக் கீறலே நிற்காமல் கசியும் என்பதால், வெந்நீரும் களிம்பும் பாராசிட்டமாலுமாகப் பொறுத்திருப்பதே பலருக்கு ஏற்றது. வலி முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்து, பிறகு தணியும்.

முழு அறுவை சிகிச்சை தவிர்க்க முடியாததானால், வார்ஃபரினைச் சுமார் 5 நாள் முன்பும், அசெனோகூமராலை இரண்டு மூன்று நாள் முன்பும் நிறுத்தி, இடைப்பட்ட நாட்களில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியைத் தோலுக்கடியில் போட்டு, கடைசி ஊசியை 24 மணி நேரம் முன்பு முடித்துக்கொள்வது வழக்கமான திட்டம். இதய நோயாளிகளில் இப்படி ஊசி போடுவது தேவையில்லை என்று 2015இல் வந்த பெரிய ஆய்வைச் சிலர் எடுத்துச் சொல்வார்கள். அது இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போனவர்களில் செய்யப்பட்டது, ஏபிஎஸ் நோயாளிக்கு அதைப் பொருத்தக்கூடாது. இந்தத் திட்டத்தை மூட்டுவாத அல்லது இரத்தவியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசித் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். எழுதித் தாருங்கள் என்று கேட்க நீங்கள் தயங்கக்கூடாது.

அறுவைக்கு முன் செய்யும் இரத்தப் பரிசோதனையில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் உள்ளவரின் ஏபிடிடி பரிசோதனை (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளப்பது) ஆய்வகக் குழாயில் நீண்டு காட்டும். பார்ப்பவர் ‘இவருக்கு இரத்தம் உறையாது’ என்று எண்ணிப் பிளாஸ்மா ஏற்றவோ ஹெப்பாரினைக் குறைக்கவோ முற்படலாம். குழாயில் உறையத் தாமதிக்கும் அதே இரத்தம் உடலுக்குள் உறையத் துடிப்பது. இதை விளக்கும் இரண்டு வரியை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். அதே போல, ஐஎன்ஆர் உயர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் அதிக அளவு வைட்டமின் கே ஊசி போட்டால், அதன் பிறகு பல நாட்கள் வார்ஃபரின் வேலை செய்யாமல் அடம்பிடிக்கும். இரத்தம் கொட்டாத நிலையில் அந்த முடிவை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சுவர்களிலும் பேருந்து நிலையங்களிலும் ‘மூலம், பவுத்திரம், அறுவை இன்றி ஒரே நாளில்’ என்று எழுதியிருக்கும் இடங்களுக்கு ஏபிஎஸ் உள்ளவர் ஒருவரும் போக வேண்டாம். பெயர் தெரியாத அரிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றி, ஐஎன்ஆர் என்ன என்று கேட்காமல் அனுப்பிவிடும் இடங்கள் அவற்றில் இருக்கின்றன. பவுத்திரத்துக்குச் செய்யும் காரநூல் முறை (மருந்து பூசிய நூலைத் துளைக்குள் விடுவது), முறையாகப் படித்த ஆயுர்வேத மருத்துவர் கையில் ஆய்வுகளால் நிறுவப்பட்ட சிகிச்சைதான். ஆனால் வாரந்தோறும் நூல் மாற்றும்போதெல்லாம் சிறு காயம் ஏற்படுவதால், அதையும் ஐஎன்ஆர் பார்க்கும் மருத்துவருடன் இணைத்தே செய்ய வேண்டும்.

படி 7: சிகிச்சை முடிந்த இரண்டு வாரம்

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 14ஆம் நாள் வரை நீண்ட பயணம் வேண்டாம். இரவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஒருவர் வீட்டில் இருக்கட்டும். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் நடங்கள், ஏனென்றால் இந்த நாட்களில் காலில் உறைவு வரும் வாய்ப்பும் கூடுதல். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ ஆசனவாயை மறந்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஹெப்பாரின் ஊசியை நிறுத்துவது ஐஎன்ஆர் இலக்கை எட்டி, மருத்துவர் சொன்ன பிறகுதான். ‘மாத்திரை தொடங்கியாயிற்றே’ என்று முதல் நாளே ஊசியை விட்டுவிடுபவர்கள் உண்டு, வார்ஃபரின் முழுமையாக வேலை செய்யக் குறைந்தது ஐந்து நாளாவது பிடிக்கும்.

கர்ப்ப காலத்தில்

ஏபிஎஸ் உள்ள கர்ப்பிணிக்கு வார்ஃபரினை மாற்றி, குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். வார்ஃபரின் கருவின் உறுப்புகள் உருவாகும் வாரங்களில் தீங்கு செய்யக்கூடியது. இரும்புச்சத்தும் கால்சியமும் மலத்தை இறுக்க, வளரும் கருப்பை கீழ்நாளங்களை அழுத்த, கடைசி மூன்று மாதங்களில் மூலம் வருவது மிகச் சாதாரணம். லாக்டுலோஸ், இசப்கோல், வெந்நீர் ஆகியவை இங்கும் உகந்தவை. மலத்தில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பிரினையோ ஊசியையோ ஒரு வேளைகூடத் தாமாக விட வேண்டாம்; அவை குழந்தையையும் காக்கின்றன.

பிரசவத்தில் முக்குவதால் மறுநாளே வெளிமூலம் உறைந்து வீங்குவது தாய்மார் பலருக்கு நேர்வது. அந்த வலியில் உட்கார முடியாமல், பால் கொடுக்க முடியாமல் தவிக்கும்போது, ‘ஊசி போடுவதால்தான் இப்படி’ என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லக்கூடும். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமே உறைவு அபாயம் மிகுந்த காலம். அந்த ஊசியோ, மறுபடி தொடங்கும் வார்ஃபரினோ நிற்கவே கூடாது. இரண்டையும் எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். தங்கை பக்கவாட்டில் படுத்தபடி, காலுக்கிடையில் தலையணை வைத்துக்கொண்டு பால் கொடுத்தாள். அம்மா ஒரு நாளைக்கு மூன்று முறை வெந்நீர் காய்ச்சி வைத்தார். ஒன்பதாம் நாள் அவளால் நாற்காலியில் உட்கார முடிந்தது. அந்த ஒன்பது நாளிலும் ஊசி ஒரு வேளைகூடத் தவறவில்லை என்பது அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.